பழைய கணினியைப் பழுதுபார்த்து மீட்டெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகள் பரணிலோ கிடங்கிலோ கிடந்த ஒரு கணினி கைக்கு வந்ததும், அதை மின் இணைப்பில் செருகி ஓடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை யாருக்கும் எழும். அந்த ஆசையை அடக்குவதில்தான் இந்தப் பொழுதுபோக்கு தொடங்குகிறது. நெடுங்காலம் சும்மா கிடந்த பவர் சப்ளை எத்தனை வோல்ட் தரும் என்பதை அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது. 5 வோல்ட் தர வேண்டிய தடத்தில் 8 வோல்ட் வந்துவிட்டால், அதுவரை நல்ல நிலையில் இருந்த நினைவக ஐசிகள் (சிப்புகள்) கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். ஆகவே இங்கே சொல்லப்படும் படிகள் அனைத்தும் ஒரே வரிசையில் செல்கின்றன: முதலில் அழிவை நிறுத்த வேண்டும், அடுத்து அளக்க வேண்டும், அதன் பிறகே எதையும் மாற்ற வேண்டும்.

1970களின் பிற்பகுதியிலிருந்து 1990களின் முற்பகுதி வரை வந்த இயந்திரங்களே இந்த வேலைக்கு ஏற்றவை. அவற்றில் பெரும்பாலானவற்றின் உதிரிகள் பலகையில் துளையிட்டுப் பொருத்தப்பட்டவை. ஐசிகளின் மீது எண்கள் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கும். மின்சுற்று வரைபடங்களும் கிடைக்கும். 1981இல் வந்த ஐபிஎம் பிசி 5150இன் தொழில்நுட்பக் கையேட்டில் முழுச் சுற்று வரைபடத்துடன் பயாஸ் எனும் தொடக்க நிரலின் மூல வரிகளும் அச்சிடப்பட்டிருந்தன. இன்றைய மடிக்கணினி எதற்கும் இத்தகைய வசதி இல்லை. முதன்முதலாக இறங்குபவர்கள் ஆப்பிள் டூ, கமடோர் 64, ஐபிஎம் எக்ஸ்டி வகை போன்ற, அதிகமாக ஆவணப்படுத்தப்பட்ட இயந்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. படக்குழாயும் கணினியும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் மெக்கின்டாஷ் போன்றவற்றை இரண்டாவது அல்லது மூன்றாவது முயற்சிக்கு ஒதுக்கி வைக்கலாம்.

உயிருக்கு ஆபத்தான இரண்டு இடங்கள்

இந்த இயந்திரங்களின் மதர்போர்டில் 5 வோல்ட், 12 வோல்ட் போன்ற குறைந்த மின்னழுத்தங்கள்தான் ஓடுகின்றன. அவற்றைத் தொட்டால் மனிதருக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து பவர் சப்ளையிலும் படக்குழாயிலும் இருக்கிறது. 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் ஸ்விட்ச்-மோட் (மின்சாரத்தை மிக வேகமாகத் துண்டித்து இணைத்து மின்னழுத்தத்தை மாற்றும்) பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 320 வோல்ட் நேர்மின்னழுத்தம் தேங்கியிருக்கும், செருகியைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது நீடிக்கலாம். மூடியைத் திறந்ததும் மல்டிமீட்டரால் அந்த மின்தேக்கியின் இரு முனைகளையும் அளந்து, மின்னழுத்தம் இறங்கிவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே கைவைக்க வேண்டும்.

படக்குழாயின் நிலை இன்னும் கடுமையானது. அதன் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்கு அடியில் இருக்கும் ஆனோடில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். அதை வெளியேற்ற, நன்கு காப்பிடப்பட்ட பிடியுள்ள தட்டை ஸ்க்ரூடிரைவரின் தண்டில் ஒரு கம்பியைக் கட்டி, கம்பியின் மறுமுனையை முதலில் குழாயின் பின்புறத்தைச் சுற்றியிருக்கும் பின்னல் தரைக்கம்பியில் இணைத்துவிட்டு, அதன் பிறகே ஸ்க்ரூடிரைவரின் முனையை ரப்பருக்கு அடியில் நுழைக்க வேண்டும். மதர்போர்டின் தரைத்தடத்தில் அந்தக் கம்பியை இணைத்தால் ஐசிகள் போய்விடும். சில நிமிடங்கள் கழித்து மறுபடியும் ஒருமுறை வெளியேற்றுவது அவசியம். கண்ணாடியில் எஞ்சிய மின்னூட்டம் மெல்ல மீண்டும் சேரும். ஒரு கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் பழைய தொலைக்காட்சி மெக்கானிக்குகளுடையது. மின்சாரம் ஒரு கையிலிருந்து இதயத்தின் வழியே மறுகைக்குப் பாயாமல் காப்பதே அதன் நோக்கம்.

கருவிகள்

நல்ல மல்டிமீட்டர் ஒன்று, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தக்கூடிய சால்டரிங் அயர்ன், 63/37 அல்லது 60/40 விகித வெள்ளீய-ஈய சால்டர், தனியே ஃப்ளக்ஸ் (சால்டர் நன்கு பிடிக்க உதவும் பூச்சு), சால்டரை உறிஞ்சும் பம்ப், செம்புப் பின்னல், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், மென்மையான தூரிகை ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் மணிக்கட்டுப் பட்டையும் வேண்டும். அதில் 1 மெகாஓம் மின்தடை இருப்பதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். படக்குழாய் வேலையின்போது மட்டும் அந்தப் பட்டையைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

அடுத்த கட்டத்தில் ஒரு லாஜிக் ப்ரோப் வாங்கலாம். ஒரு தடம் உயர்நிலையில் இருக்கிறதா, தாழ்நிலையில் இருக்கிறதா, துடிக்கிறதா என்று விளக்கொளியால் காட்டும் இந்தச் சிறு கருவி, விலை உயர்ந்த பல கருவிகளைவிட அதிக வேலை செய்யும் என்பது என் கணிப்பு. ஆஸிலோஸ்கோப் இருந்தால் இன்னும் வசதி. அந்தக் கால இயந்திரங்களின் வேகத்துக்கு 50 மெகாஹெர்ட்ஸ் அளவே போதும்.

திறத்தலும் பதிவு செய்தலும்

ஒவ்வொரு திருகைக் கழற்றும் முன்பும் படம் எடுக்க வேண்டும். கேபிள் எந்தத் திசையில் செருகப்பட்டிருந்தது, ஜம்பர்கள் (இரு முள்களை இணைக்கும் சிறு மூடிகள்) எங்கே இருந்தன, சாக்கெட்டில் ஐசியின் வெட்டுக்குறி எந்தப் பக்கம் நோக்கியது என்பவை எல்லாம் இரண்டு வாரங்களில் மறந்துவிடும். பழைய பிளாஸ்டிக் கொக்கிகள் எளிதில் ஒடிபவை. குளிரில் இருந்த பெட்டியை அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறந்தால் உடைவது குறையும். 1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் போன்றவற்றில் விசைப்பலகையின் சவ்விலிருந்து இரண்டு மெல்லிய நாடாக்கள் பலகைக்குச் செல்கின்றன. காலப்போக்கில் மொறுமொறுப்பாகிவிட்ட அந்த நாடாக்கள் மேல்மூடியை வேகமாகத் தூக்கினாலே கிழிந்துவிடும்.

மின்கலத்தை உடனே அகற்றுதல்

பழைய இயந்திரம் வீட்டுக்கு வந்த அன்றே, அதைப் பழுதுபார்க்க இன்னும் ஓராண்டு ஆகும் என்றாலும், செய்து முடிக்க வேண்டிய ஒரே வேலை மின்கலத்தை அகற்றுவது. கடிகாரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைக்கப் பலகையில் பற்றவைக்கப்பட்ட பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்து பரவலாக இருந்தன: அமிகா 2000இன் பலகையிலும், அமிகா 500க்கான நினைவக விரிவாக்கத்திலும், ஏராளமான 286, 386, 486 பலகைகளிலும் அவற்றைக் காணலாம். அவை கசியும்போது வெளிவரும் காரத் திரவம் செம்புத் தடங்களை அரித்து, பச்சைப் பூச்சுக்கு அடியில் ஊர்ந்து, அருகிலுள்ள சாக்கெட்டுகளையும் ஐசிகளின் கால்களையும் தின்றுவிடுகிறது. மெக்கின்டாஷ்களில் இருந்த 3.6 வோல்ட் லித்தியம் மின்கலங்கள் வெடித்துக் கசிந்தால் உலோகச் சட்டமே துருப்பிடித்துப் போவதுண்டு.

கசிவு ஏற்கெனவே நிகழ்ந்திருந்தால் கையுறையும் கண்ணாடியும் அணிந்து மின்கலத்தை வெட்டி எடுக்க வேண்டும். நிக்கல்-காட்மியக் கசிவு காரத்தன்மை கொண்டதால் அதை நடுநிலையாக்க வெள்ளை வினிகர் அல்லது எலுமிச்சை அமிலக் கரைசல் பயன்படும். தூரிகையால் தேய்த்து, நுரைப்பு நின்றதும் காய்ச்சி வடித்த நீரால் நன்கு அலசி, ஆல்கஹாலால் துடைத்து, ஓரிரு நாள் உலர விட வேண்டும். வினிகரை அலசாமல் விட்டால் அதுவும் அரிக்கத் தொடங்கும். கறுத்துப்போன தடங்களின் மேல் உள்ள பூச்சைக் கண்ணாடி இழைப் பேனாவால் மெல்லச் சுரண்டி, செம்பு பளபளக்கும் வரை போக வேண்டும். மல்டிமீட்டரின் பீப் ஒலிச் சோதனையால் ஒவ்வொரு தடத்தையும் முனைக்கு முனை சரிபார்த்து, அறுந்தவற்றுக்குப் பதிலாக மெல்லிய காப்புக் கம்பியைப் பற்றவைக்கலாம். பலகையின் இரு பக்கங்களை இணைக்கும் சிறு துளைகள் உள்ளுக்குள் அரிக்கப்பட்டிருந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அவற்றையும் மீட்டரால்தான் சோதிக்க வேண்டும்.

அந்த இடத்தில் மீண்டும் நிக்கல்-காட்மியம் வைக்க வேண்டிய தேவை இல்லை. சிஆர்2032 நாணய மின்கலத்தைத் தாங்கியுடன் பொருத்தினால் போதும், ஆனால் மின்னேற்றும் சுற்று அதற்குள் மின்சாரத்தைச் செலுத்தாமல் தடுக்க ஒரு டயோடைத் தொடரில் இணைக்க வேண்டும். மின்னேற்றம் செய்ய முடியாத லித்தியம் மின்கலத்துக்கு மின்னேற்றினால் அது வெடிக்கக்கூடும். சில கணினிகளில் டாலஸ் நிறுவனத்தின் டிஎஸ்1287 வகைக் கடிகாரத் தொகுதி இருக்கும். அதன் கறுப்புப் பெட்டிக்குள்ளேயே லித்தியம் மின்கலம் மூடி வைக்கப்பட்டிருப்பதால் கசிவு அச்சம் இல்லை, ஆனால் மின்கலம் தீர்ந்துவிட்டால் தொகுதியையே மாற்ற வேண்டும், அல்லது பெட்டியைக் கவனமாகக் கீறி வெளி மின்கலத்தை இணைக்க வேண்டும்.

பவர் சப்ளையைத் தனியே சோதித்தல்

மதர்போர்டின் இணைப்புகளை முழுவதும் கழற்றிவிட்டுப் பவர் சப்ளையை மட்டும் மேசையில் வைத்துச் சோதிக்க வேண்டும். முதலில் கண்ணால் பார்த்தல்: வீங்கிய மின்தேக்கிகள், கருகிய மின்தடைகள், மீன் நாற்றம். மின் நுழைவாயிலுக்கு அருகே ஒளி ஊடுருவும் மஞ்சள் பெட்டி போன்ற உலோகப்பூச்சுக் காகித மின்தேக்கிகள் இருந்தால், அவற்றில் மெல்லிய விரிசல்கள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிபிசி மைக்ரோவிலும் ஆப்பிள் டூஇ வகையிலும் இவை சாதாரணம். விரிசல் வழியே ஈரம் புகுந்த பிறகு மின்சாரம் பாய்ந்தால் இவை அடர்ந்த புகையைக் கக்கி, அறையெங்கும் பல நாள் போகாத நாற்றத்தை விட்டுச்செல்லும். விரிசல் தெரியாவிட்டாலும் இவற்றை முன்கூட்டியே மாற்றிவிடுவதே சரி. மின்கம்பிகள் இரண்டுக்கும் இடையே இருப்பவற்றுக்கு எக்ஸ்2 தரமும், மின்கம்பிக்கும் தரைக்கும் இடையே இருப்பவற்றுக்கு ஒய்2 தரமும் உள்ள பாதுகாப்பு மின்தேக்கிகளையே போட வேண்டும். சாதாரண மின்தேக்கி அங்கே தீ விபத்துக்கு வழி.

முதல் மின்னோட்டத்தின்போது இழைக் குமிழ் விளக்கு ஒன்றைத் தொடரில் இணைத்துக்கொள்வது பழைய, ஆனால் இன்றும் சிறந்த உத்தி. உள்ளே ஷார்ட் (குறுக்குச்சுற்று) இருந்தால் குமிழ் முழு ஒளியுடன் எரிந்துகொண்டே இருக்கும். பவர் சப்ளை பிழைத்துக்கொள்ளும். மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல உயர்த்தும் வேரியாக், சாதாரண டிரான்ஸ்பார்மர் வகைப் பவர் சப்ளைகளுக்குப் பொருந்தும். ஸ்விட்ச்-மோட் வகைக்கு அது பொருந்தாது; குறைந்த மின்னழுத்தத்தில் அதே திறனைத் தர முயன்று அது அதிக மின்னோட்டத்தை இழுக்கும்.

பல ஸ்விட்ச்-மோட் பவர் சப்ளைகள் சுமை இல்லாமல் ஓடா. 5 வோல்ட் தடத்தில் 5 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றை இணைத்தால் 1 ஆம்பியர் பாயும். 12 வோல்ட் தடத்தில் வாகன விளக்கு ஒன்றை மாட்டலாம். மின்தடை நன்றாகச் சூடேறும் என்பதால் அதை மரத்தின் மீது வைக்கக் கூடாது. அரை மணி நேரம் ஓடவிட்டு, 5 வோல்ட் தடம் 4.75க்கும் 5.25க்கும் இடையே நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டரை மாறுமின் அளவுக்கு மாற்றி வைத்தால் எஞ்சிய சலனமும் (மின்னழுத்தத்தின் சிறு ஏற்ற இறக்கம்) தெரியும். 5 வோல்ட் தடத்தில் அது 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் வடிகட்டும் மின்தேக்கிகள் களைத்துவிட்டன என்று கொள்ளலாம்.

கமடோர் 64க்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. அதன் பழைய வெளிப் பவர் சப்ளை, பிசினால் நிரப்பி மூடப்பட்ட கட்டி. உள்ளே இருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் செயலிழக்கும்போது மின்னழுத்தம் கீழே போவதற்குப் பதிலாக மேலே போகும், நினைவக ஐசிகளையும் கூடவே கொண்டுபோகும். இன்று அளந்தால் சரியாக இருப்பது நாளை மாறலாம் என்பதால், அதை அருங்காட்சிப் பொருளாக வைத்துவிட்டுப் புதிய பவர் சப்ளையைப் பயன்படுத்துவதே அறிவுடைமை. ஸ்பெக்ட்ரமுக்கு வேறு கண்ணி உண்டு: அதன் 9 வோல்ட் செருகியில் நடுமுனை எதிர்மின்வாய், இன்று கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நேர் எதிர்.

மதர்போர்டுக்கு முதல் மின்சாரம்

இணைக்கும் முன், மின்சாரம் இல்லாத நிலையில், ஒவ்வொரு மின்தடத்துக்கும் தரைக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். ஏறத்தாழ பூஜ்யம் காட்டினால் எங்கோ ஷார்ட். ஐபிஎம் பிசி, எக்ஸ்டி பலகைகளில் இதற்குப் பெரும்பாலும் 12 வோல்ட் தடங்களில் இருக்கும் மணி போன்ற டான்டலம் மின்தேக்கிகளே காரணம். ஷார்ட்டானால் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். "பவர் சப்ளை செத்துவிட்டது" என்று பலர் தவறாக முடிவு கட்டுவது இதனால்தான். சில சமயம் அந்த மின்தேக்கி பொரிந்து வெடித்து, தானே சிக்கலைத் தீர்த்துவிடுவதும் உண்டு. ஆகவே முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது முகத்தைப் பலகைக்கு மேல் குனிந்து வைக்க வேண்டாம். புதிதாகப் பொருத்தும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: டான்டலத்தில் கோடு நேர்மின்வாயைக் குறிக்கிறது, அலுமினிய மின்தேக்கியில் கோடு எதிர்மின்வாயைக் குறிக்கிறது.

விரிவாக்க அட்டைகளையும் வட்டு இயக்கிகளையும் எடுத்துவிட்டு, இயந்திரம் தொடங்குவதற்குத் தேவையான குறைந்தபட்ச உதிரிகளுடன் மின்சாரம் கொடுக்க வேண்டும். முதல் நிமிடத்தில் ஒவ்வொரு ஐசியையும் விரலின் பின்புறத்தால் தொட்டுப் பார்க்கலாம். சில வினாடிகளில் விரல் வைக்க முடியாத அளவு சுடும் நினைவக ஐசி பெரும்பாலும் கெட்டது. ஆனால் காட்சி ஐசிகளும் சில செயலிகளும் இயல்பாகவே சுடுபவை என்பதால், சூட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

பழுதைக் கண்டறிதல்

வேலையின் சுவை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. திரை கறுப்பாகவோ குப்பைக் குறிகளுடனோ நிற்கும் இயந்திரத்தில் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒரு மாறாத வரிசை உண்டு: மின்னழுத்தம் ஐசியின் காலிலேயே இருக்கிறதா, கடிகாரத் துடிப்பு வருகிறதா, ரீசெட் (செயலியைத் தொடக்க நிலையில் பிடித்து வைக்கும் சமிக்ஞை) விடுபட்டதா, செயலி முகவரிகளைக் கேட்கிறதா.

மின்னழுத்தத்தைப் பவர் சப்ளையின் முனையில் அளந்தால் போதாது. 6502 செயலியில் 8ஆம் கால், இசட்80 செயலியில் 11ஆம் கால், 8088 செயலியில் 40ஆம் கால் ஆகியவற்றில் 5 வோல்ட் இருக்க வேண்டும். பழைய 4116 வகை நினைவக ஐசிகளுக்கு 5 வோல்ட்டுடன் 12 வோல்ட்டும், மைனஸ் 5 வோல்ட்டும் தேவை. மைனஸ் 5 மறைந்தால் அந்த ஐசிகள் சேதமாகும். ஸ்பெக்ட்ரமில் கீழ் 16 கிலோபைட் நினைவகம் அடிக்கடி கெடுவதற்கு, இந்த மின்னழுத்தங்களை உண்டாக்கும் சிறு டிரான்சிஸ்டர் சுற்று பழுதாவதே வழக்கமான காரணம். நினைவகத்தை மட்டும் மாற்றிவிட்டு அந்தச் சுற்றைச் சரிசெய்யாமல் விட்டால் புதிய ஐசிகளும் அதே வழியில் போகும்.

அடுத்தது கடிகாரம். ஐபிஎம் பிசியில் 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை மூன்றால் வகுத்து 4.77 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு 8088இன் 19ஆம் காலுக்குச் செல்கிறது. ஸ்பெக்ட்ரமில் 3.5 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு இசட்80இன் 6ஆம் காலில் தெரிய வேண்டும். 6502இல் 37ஆம் காலில் உள்ளே போகும் துடிப்பு 39ஆம் காலில் வெளியே வந்தால் செயலிக்குள் உயிர் இருக்கிறது என்று பொருள். ரீசெட் கால் 6502இல் 40, இசட்80இல் 26. இரண்டிலும் மின்சாரம் வந்த சிறிது நேரத்தில் அது தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு மாற வேண்டும். 8088இல் 21ஆம் காலில் இது தலைகீழ்: உயர்நிலையிலிருந்து தாழ்நிலைக்கு வர வேண்டும்.

இவை சரியாக இருந்தும் இயந்திரம் எழாவிட்டால், செயலி நல்லதா என்று சோதிக்க ஓர் அழகிய வழி இருக்கிறது. இசட்80இல் "ஒன்றும் செய்யாதே" என்ற கட்டளையின் எண் 00. செயலியை மட்டும் தனிச் சாக்கெட்டில் வைத்து, அதன் எட்டுத் தரவுக் கால்களையும் மின்தடைகள் வழியே தரையுடன் இணைத்தால், அது எதைப் படித்தாலும் 00ஐயே படிக்கும். ஒன்றும் செய்யாமல் அடுத்த முகவரிக்கு, அதற்கடுத்த முகவரிக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். அப்போது முகவரித் தடங்களில் ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய தடத்தின் சரிபாதி வேகத்தில் துடிக்க வேண்டும். மேல் தடங்களில் அந்த வேகம் மிகக் குறைவு என்பதால் லாஜிக் ப்ரோப்பே போதும். 6502க்கு இதே சோதனையில் பதினாறடிமான ஈஏ என்ற எண்ணைத் தரவுக் கால்களில் அமைக்க வேண்டும்.

லாஜிக் மட்டங்களைப் பற்றி ஒரு சொல். டிடிஎல் எனும் டிரான்சிஸ்டர் லாஜிக் வகைச் சுற்றுகளில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே தாழ்நிலை, 2 வோல்ட்டுக்கு மேலே உயர்நிலை. இடையே 1.4 வோல்ட் அளவில் ஒரு தடம் தொங்கிக்கொண்டிருந்தால் இணைப்பு அறுந்திருக்கலாம், அல்லது இரண்டு ஐசிகள் ஒரே தடத்தை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கலாம். தரவுத் தடங்கள் யாரும் பேசாத நேரத்தில் இயல்பாகவே மிதக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கில் கொள்ள வேண்டும்.

நினைவகத்தைச் சந்தேகித்தால், அதே வகை நல்ல ஐசி ஒன்றைச் சந்தேகத்துக்குரிய ஐசியின் முதுகில் காலுக்குக் கால் பொருந்துமாறு வைத்து இயக்கிப் பார்க்கும் குறுக்குவழி உண்டு. கீழே உள்ள ஐசி மௌனமாகிப் போயிருந்தால் மட்டுமே இது பலிக்கும். அதன் வெளியீடு ஒரே நிலையில் இறுகிப் போயிருந்தால் மேலே உள்ளதால் ஒன்றும் செய்ய முடியாது. சோதனை நிரல்கள் இன்னும் நம்பகமானவை. கமடோர் 64க்கான டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ், கெட்ட நினைவக ஐசி எது என்பதைத் திரையை எத்தனை முறை மின்ன வைக்கிறது என்பதால் தெரிவிக்கும். ஐபிஎம் வகைகளில் திரை வந்துவிட்டால் எண்களே வழிகாட்டும்: 201 நினைவகம், 301 விசைப்பலகை, 601 நெகிழ்வட்டு, 1701 நிலைவட்டு. திரை வராத நிலையில் 1984இன் ஏடி வகையிலும் அதற்குப் பின்வந்தவற்றிலும் தொடக்கச் சோதனையின் குறியீடுகளைக் காட்டும் போஸ்ட் கார்டு உதவும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, சாக்கெட்டில் இருக்கும் ஐசிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மீண்டும் அழுத்திப் பார்த்துவிட வேண்டும். கால்களில் படிந்த ஆக்சைடு உரசிப்போய் இயந்திரம் எழுந்துவிடும் நிகழ்வுகள் ஏராளம். மணிக்கணக்கில் அளந்த பிறகு அது தெரிய வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

ஐசியைக் கழற்றுதலும் பற்றவைத்தலும்

பழைய பலகைகளின் செம்பு வட்டங்கள் அதிக வெப்பத்தில் பெயர்ந்துவிடும். அயர்னை 320 முதல் 350 டிகிரி செல்சியஸுக்குள் வைத்து, ஒவ்வொரு காலிலும் முதலில் சிறிது புதிய சால்டரைச் சேர்க்க வேண்டும். கழற்ற வேண்டிய இடத்தில் சேர்ப்பதா என்று தோன்றும். ஆனால் புதிய சால்டரும் ஃப்ளக்ஸும் பழையதை இளக்கி முழுவதும் உறிஞ்ச வழிசெய்கின்றன. 63/37 சால்டர் 183 டிகிரியிலேயே உருகும். தரைத்தடத்துடன் இணைந்த கால்கள் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு அடம்பிடிக்கும், அங்கே அவசரப்பட்டு இழுக்கக் கூடாது.

ஐசி கெட்டது என்பது உறுதியானால் அதன் கால்களை உடலருகே வெட்டிவிட்டு, மிஞ்சிய கால்களை ஒவ்வொன்றாக இழுத்தெடுப்பது பலகைக்குப் பாதுகாப்பானது. ஐசி மலிவு, பலகை அரிது. காலியான இடத்தில் நேரடியாகப் புதிய ஐசியைப் பற்றவைக்காமல் நல்ல தரமான சாக்கெட் வைக்க வேண்டும்.

மின்தேக்கிகளை எல்லாம் மாற்ற வேண்டுமா

ஆர்வலர்களிடையே தீராத வழக்கு இது. வாங்கிய உடனே எல்லா மின்தேக்கிகளையும் மாற்றுவதை ஒரு சடங்காகச் செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் வந்த துளைவழி மின்தேக்கிகளில் பல இன்றும் தம் அளவைக் காத்து நிற்கின்றன. அவற்றைக் கழற்றும் முயற்சியில் தடங்கள் பெயர்வதே பெரிய இழப்பாக முடியும். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த பலகையின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கப்படும் அலுமினிய மின்தேக்கிகளின் கதை வேறு. 1989இன் மெக்கின்டாஷ் எஸ்இ/30, அமிகா 600, அமிகா 1200 ஆகியவற்றில் அவை கசிகின்றன. ஒலி மங்குவது, தொடக்கத்தில் திரை கோடுகளாகச் சிதறுவது போன்றவை அதன் அடையாளங்கள். இந்த இயந்திரங்களில் அறிகுறி தோன்றும் வரை காத்திருக்காமல் அனைத்தையும் மாற்றி, கசிந்த திரவத்தைத் துடைத்தெடுப்பதே முறை. சில பலகைகளில் அச்சிடப்பட்ட துருவக் குறியே தவறாக இருக்கும். புதியதைப் பொருத்தும் முன் வரைபடத்துடனும், எந்த முனை தரையுடன் இணைகிறது என்ற அளவீட்டுடனும் ஒப்பிட வேண்டும்.

ரோம் ஐசிகள்

நிரலை நிலையாக வைத்திருக்கும் ரோம் வகையில், கண்ணாடிச் சன்னல் உள்ள ஈப்ரோம் ஐசிகளில் தரவு மின்னூட்டமாகவே சேமிக்கப்படுகிறது. அது காலத்தால் கசியும், புற ஊதா ஒளி பட்டால் அழியும். சன்னலின் மேல் ஒட்டிய தாள் உதிர்ந்திருந்தால் உடனே ஒளிபுகாத வேறொன்றை ஒட்ட வேண்டும். இயந்திரம் நன்றாக ஓடும்போதே எல்லா ரோம்களையும் படித்துக் கோப்பாகச் சேமித்து, இரண்டாம் முறை படித்து ஒப்பிட்டு வைப்பது நல்லது. புதிய ஈப்ரோமில் எழுதும்போது மின்னழுத்தத்தைக் கவனிக்க வேண்டும்: 2716க்கு 25 வோல்ட், பிற்கால 27சி256 போன்றவற்றுக்கு 12.5 வோல்ட்.

வட்டு இயக்கிகளும் வட்டுகளும்

நெகிழ்வட்டு இயக்கியில் முதலில் செய்ய வேண்டியது தலையைத் துடைப்பது; ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால், மேல் தலையின் மெல்லிய தாங்கியை வளைக்காமல் துடைக்க வேண்டும். தலை நகரும் தண்டவாளங்களில் இறுகிப்போன பழைய கிரீஸை நீக்கிப் புதிதாக மெல்லிய படலம் பூசலாம். பெல்ட் உள்ள இயக்கிகளில் அது தளர்ந்தால் வேகம் மாறும். 360 கிலோபைட் இயக்கி நிமிடத்துக்கு 300 சுற்றுகள், அதாவது ஒரு சுற்றுக்கு 200 மில்லிவினாடி, சுற்ற வேண்டும். பூஞ்சை படிந்த வட்டைச் சுத்தம் செய்யாமல் இயக்கியில் செருகினால் வட்டின் காந்தப் பூச்சும் உரியும், தலையும் கெடும்.

பழைய வட்டு கிடைத்தால் அதை ஓடவிட்டு விளையாடுவதற்கு முன், எழுதத் தடையிட்டு, கிரீஸ்வீசல் போன்ற கருவியால் காந்தமாற்றங்களை அப்படியே படித்துக் கோப்பாக்கிவிட வேண்டும். அடுத்த முறை அது படிக்கப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1.2 மெகாபைட் இயக்கியில் எழுதிய 360 கிலோபைட் வட்டைப் பழைய இயக்கி சரியாகப் படிக்காமல் போகலாம். புதிய இயக்கியின் தடங்கள் குறுகியவை.

சீகேட் எஸ்டி-225 போன்ற 20 மெகாபைட் நிலைவட்டுகள் வெப்பத்துக்கேற்ப நிலை மாறுபவை. கால் மணி நேரம் சுழலவிட்டுப் பிறகு படித்தால் பிழைகள் குறையலாம். அதிலுள்ள தரவை நகலெடுத்துவிட்டு, தினசரிப் பயன்பாட்டுக்கு மாற்று ஏற்பாடு செய்வது நல்லது: நெகிழ்வட்டுக்குப் பதில் கோடெக் (Gotek) என்ற மாற்றுக் கருவி, ஸ்கசி (SCSI) இணைப்புள்ள வட்டுக்குப் பதில் புளூஸ்கசி, எக்ஸ்டி வகைகளுக்கு எக்ஸ்டி-ஐடிஇ அட்டையும் காம்பாக்ட்ஃப்ளாஷும். அசல் இயக்கியைக் கழற்றிப் பத்திரப்படுத்தினால் எப்போது வேண்டுமானாலும் மீண்டும் பொருத்தலாம்.

திரையைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: ஐபிஎம் 5151 மோனோகுரோம் மானிட்டரின் கிடைத்துடிப்பு 18.432 கிலோஹெர்ட்ஸ். செருகி பொருந்துகிறது என்பதற்காக வண்ண அட்டையின் சமிக்ஞையை அதற்குக் கொடுத்தால் மானிட்டர் எரிந்துபோகலாம்.

விசைப்பலகையும் வெளிப்பெட்டியும்

விசை மூடிகளைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவலாம். வெந்நீர் அவற்றை வளைத்துவிடும். விசைகளுக்கு அடியில் நுரைத் துண்டும் உலோகத்தாளும் உள்ள வகைகளில் நுரை பொடியாகிவிட்டிருக்கும், புதிய துண்டுகளை ஒவ்வொன்றாக மாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

மஞ்சளாகிவிட்ட பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும் கொண்டு வெளுக்கவைக்கும் முறை 2008 அளவில் பரவியது. பலன் கண்ணைக் கவரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சீராகப் பூசாவிட்டால் திட்டுத்திட்டாகக் கறை விழும், பல பெட்டிகளில் மஞ்சள் திரும்பி வருகிறது, பெராக்சைடு தோலையும் கண்ணையும் சுடும். என்னைக் கேட்டால், சோப்பு நீரால் கழுவியும் பார்க்கச் சகிக்கவில்லை என்றால் மட்டுமே இதில் இறங்கலாம். விற்பனையாளரின் ஒட்டுத்தாள், பள்ளியின் சரக்கு எண், முந்தைய உரிமையாளர் கீறிய குறி ஆகியவற்றை நீக்கும் முன் இருமுறை யோசிக்க வேண்டும்; அவை அந்த ஒரு இயந்திரத்துக்கு மட்டும் உரிய வரலாறு.

பதிவேடும் பாதுகாப்பும்

எந்த உதிரி எந்த நாளில் எதனால் மாற்றப்பட்டது, மாற்றும் முன் அளவீடு என்ன என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும்; கழற்றிய அசல் உதிரிகளைப் பெயர் எழுதிய பைகளில் இட்டுச் சேமிக்க வேண்டும், கசிந்த மின்கலங்களை மட்டும் மின்கழிவாக ஒப்படைத்துவிடலாம். நாணய மின்கலத்தையும் நீண்ட இடைவெளிகளில் எடுத்து வைப்பது நல்லது. இயந்திரத்தை ஈரமில்லாத, நேரடி வெயில் படாத இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு மணி நேரமாவது ஓடவிட வேண்டும். மின்னழுத்தம் கிடைக்கும்போது மின்பகு மின்தேக்கிகளின் உட்புற ஆக்சைடு படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஓராண்டுக்கு மேல் ஓடாமல் இருந்துவிட்டால் மதர்போர்டை இணைக்கும் முன் பவர் சப்ளையைச் சுமையுடன் மறுபடியும் தனியே அளக்க வேண்டும்.